அண்ணன் ஃபைலில் இருந்த ஒரு வரி

நீளமான பதிவு இது. வகுப்பில் என் பாடம் மணி அடித்த பிறகும் நீளும் என்று குறை சொன்னவர்கள் இன்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நம் சொந்தக்காரர்கள் மட்டும் பாதியில் எழுந்து போகாமல் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் குப்பனூர் வீட்டில் ஓடு மாற்றினோம். அட்டத்தில் கிடந்த தகரப்பெட்டியை இறக்கியபோது அண்ணனின் மருத்துவ ஃபைல் அதில் இருந்தது. அண்ணன் ஏற்காடு எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். கொட்டச்சேடு வழியாக மேலே போகும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், இருட்டிய பிறகு இறங்கி வருவார். நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. தொப்பை கொஞ்சம் இருந்தது. பீடி, வெற்றிலை, சாராயம் எதுவும் கிடையாது. எஸ்டேட்டில் தீபாவளிக்குக் கொடுக்கும் பாட்டிலைக்கூட வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு வருவார். 2009-இல் வயிற்றில் நீர் கோத்தது. 2011-இல் போய்விட்டார். சிரோசிஸ் என்றார்கள்.

எழவுக்கு வந்த இடத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "குடிக்காதவனுக்கு எப்படிய்யா ஈரல் போகும்? மேலயே குடிச்சிட்டு, வாய் கொப்புளிச்சிட்டு வந்திருப்பான்" என்று ஒரு பெரியவர் சொன்னது திண்ணையில் இருந்த அண்ணியின் காதில் விழுந்தது. அவர் பெயர் வேண்டாம், அவரும் இப்போது இல்லை. அண்ணி அன்று அழுததில் பாதி அதற்குத்தான்.

ஃபைலில் பயாப்ஸி முடிவு ஒன்று இருந்தது. ஊசி போட்டு ஈரலில் துளி எடுத்துப் பார்ப்பார்களே, அது. கொழுப்பு, அழற்சி, நார்த்தழும்பு என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "டக்டுலர் ரியாக்‌ஷன் காணப்படுகிறது." அன்று இதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பார் என்பதைத்தான் கேட்டோம். இப்போது அந்த வரியை என் பழைய மாணவி ஒருத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் ஜன்னல் பக்கம் பார்க்கும் பிள்ளை, இன்று திசுக்களைப் பார்க்கும் டாக்டர். "டீச்சர், அது பித்தநாளச் செல்களோட வேலை. ஈரல் ரொம்ப நாளா கஷ்டப்பட்டிருக்குன்னு அர்த்தம்" என்றாள். கொழுப்பு ஈரலில் பித்தநாளத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். அன்றிலிருந்து அவள் அனுப்பிய கட்டுரைகளையும் நானாகத் தேடியவற்றையும் அகராதியோடு படித்துக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். தவறிருந்தால் டாக்டர் மாணவர்கள் திருத்துங்கள்.

முதலில் ஈரலுக்குள் போவோம். ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடையுள்ள உறுப்பு. அதில் பெரும்பான்மை ஈரல் செல்கள். பாத்தி கட்டிய வயலைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ரத்தம் பாய்ந்து வருகிறது. ஈரல் செல்கள் அதிலிருந்து வேண்டியதை எடுத்து, பித்தத்தைச் செய்து மறுபக்கம் விடுகின்றன. அந்தப் பித்தம் முதலில் செல்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடுக்குகளில் ஓடுகிறது. அதற்குத் தனியாகக் கரை கிடையாது, செல்களே கரை. பிறகு சின்ன வாய்க்கால், பெரிய வாய்க்கால், கடைசியில் பித்தப்பைக்கும் குடலுக்கும் போகும் குழாய். இந்த வாய்க்கால்களின் உள்பக்கம் கல் பதித்ததுபோல ஒட்டியிருப்பவைதான் பித்தநாளச் செல்கள். ஈரலின் மொத்தச் செல்களில் இவை 3 முதல் 5 சதவீதம் மட்டுமே. ஆனால் சும்மா கரையாக நிற்பவை அல்ல. ஓடிவரும் பித்தத்தில் நீரையும் கார உப்பையும் சேர்த்து அதைப் பக்குவம் பண்ணுகின்றன.

பாத்தி முடிந்து வாய்க்கால் தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது. பாதிக் கரை ஈரல் செல், பாதிக் கரை பித்தநாளச் செல். அந்த மடைவாய்க்கு ஹெரிங் கால்வாய் என்று பெயர். எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மானியர் 1860களில் விவரித்தது. கண் எப்படி நிறம் பார்க்கிறது என்பதை ஆராய்ந்ததற்காகத்தான் உலகம் அவரை அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. இந்த மடைவாயை மறந்துவிடாதீர்கள், கதை இங்கேதான் திரும்பி வரும்.

இனி சரித்திரம். இதை மேல்நாட்டில் தொடங்க வேண்டியதில்லை, நம் பக்கத்து மலையிலேயே தொடங்கலாம்.

குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகம் ஒன்று இருந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் வளர்த்தது. 1958-இல் அது ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வேலை செய்தவர்களில் இருவர் டாக்டர் சி. கோபாலனும் டாக்டர் வி. ராமலிங்கசாமியும். கோபாலன் 1918-இல் நம் சேலத்தில் பிறந்தவர். நூறு வயதைத் தாண்டி 2019-இல் மறைந்தார். நான் எத்தனையோ பொது அறிவுப் போட்டி நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதில் எனக்கு வெட்கம்.

அவர்கள் பார்த்த நோய்களில் ஒன்று குவாஷியோர்க்கர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1930களில் எழுதிய நோய். தாய்ப்பால் மறந்த பிள்ளைக்குக் கஞ்சியும் கிழங்கும் மட்டுமே கிடைக்கும்போது வருவது. கால் வீங்கும், முடி செம்பட்டையாகும், வயிறு முன்னே தள்ளும். அந்தப் பிள்ளைகளின் ஈரலைப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கொழுப்பு. எலும்பும் தோலுமான குழந்தைக்குக் கொழுப்பு ஈரல்! கொழுப்பைக் கட்டி வெளியே அனுப்புவதற்குப் புரதத்தால் ஆன வண்டி வேண்டும். புரதமே இல்லாதபோது வண்டி எங்கிருந்து வரும்? சரக்கு கிடங்கிலேயே தேங்கிவிடும்.

நான் கவனிக்கச் சொல்லும் விஷயம் இதற்கு அடுத்தது. பால்பவுடரும் பருப்பும் கொடுத்து அந்தப் பிள்ளையைத் தேற்றினால் ஈரலில் இருந்த கொழுப்பு வடிந்துவிடும். தழும்பு விழாது. அது சிரோசிஸாக மாறுவதில்லை என்பது பிற்பாடு ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் உறுதியானது. அதாவது, கொழுப்பு இருந்தது, தழும்பு இல்லை.

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்றும் அதே காலத்தில் தமிழ்நாட்டில் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், "ஈரல் கட்டி" என்பார்கள். ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளை. வயிறு கல்லாகும், கண் மஞ்சளாகும், சில மாதத்தில் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. பழைய பத்திரிகைகளில் சென்னை ஜம்மி குடும்பத்தாரின் லிவர் க்யூர் விளம்பரம் பார்த்திருப்பீர்கள், இந்தப் பயத்துக்காகத்தான் அது வீடு வீடாகப் போனது. டாக்டர்கள் இதற்கு முன்பு வைத்திருந்த ஆங்கிலப் பெயர் இன்ஃபன்டைல் பிலியரி சிரோசிஸ். பிலியரி என்றால் பித்தம் சார்ந்தது. பிறகு இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ் என்று பெயர் மாறியது. சென்னையில் குழந்தை மருத்துவத்தை வளர்த்த டாக்டர் எஸ்.டி. ஆச்சார், ராஜு, ஸ்ரீராமாச்சாரி மூவரும் 1960-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்கள். இந்த ஸ்ரீராமாச்சாரி, குன்னூரில் ராமலிங்கசாமியோடு சேர்ந்து எலிகளுக்குப் புரதம் குறைந்த தீனி கொடுத்து ஈரலைப் பார்த்தவர். பிற்காலத்தில் போபால் விஷவாயுவில் இறந்தவர்களின் உடலில் என்ன நடந்தது என்று ஆராய்ந்தவரும் இவரே.

இந்தக் குழந்தைகளின் ஈரலில் கொழுப்பு கிடையாது. ஆனால் தழும்பு மயம். ஈரல் செல்கள் உப்பிச் சாகின்றன, அந்த இடத்தில் புதிய செல் முளைப்பதில்லை, நார் ஊர்ந்து ஊர்ந்து செல்லுக்குச் செல் பிரிக்கிறது, ஓரங்களில் சின்னச் சின்னப் பித்த வாய்க்கால்கள் தாறுமாறாகக் கிளைக்கின்றன.

காரணம் என்ன தெரியுமா? செம்பு. 1983-இல் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டானரும் புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர்கள் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் போன்றவர்களும் சேர்ந்து லான்செட் இதழில் எழுதினார்கள். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து பிஞ்சுக் குழந்தைக்குக் கொடுப்பதுதான் சந்தேகத்துக்குரியது என்று. செம்பு ஈரலை விட்டு வெளியேறும் முக்கிய வழி பித்தம். பிஞ்சு ஈரலால் அவ்வளவையும் தள்ள முடியாது. ஈயம் பூசிய பாத்திரமானால் பரவாயில்லை. "ஈயம் பூசலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவரிடம் ஐந்து பைசா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிய பாட்டிகள் எதைக் குறைத்தார்கள் என்று இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. எவர்சில்வர் வந்தது, பித்தளை பரணுக்குப் போனது, ஈரல் கட்டியும் மெல்ல மெல்ல அரிதாகிவிட்டது. நம் கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலை 1981-இல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது. அதில் வேலை பார்த்த என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள். உங்கள் தகட்டுக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு, பிள்ளைகளா.

சரி, கொழுப்பு மட்டும் இருந்தால் தழும்பு வருவதில்லை, கொழுப்பே இல்லாமலும் தழும்பு வருகிறது என்றால், கொழுப்பும் தழும்பும் இரண்டு தனி விஷயங்கள் என்றாகிறது. அண்ணனுக்கு இரண்டும் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலம் எது?

இங்கேதான் ஹான்ஸ் பாப்பர் வருகிறார். வியன்னாக்காரர். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். சிகாகோவில் ஆண்டுக்கணக்காக ஈரல்களை வெட்டிப் பார்த்தார். எந்த விதத்தில் ஈரல் அடிபட்டாலும், மடைவாய் ஓரத்தில் சிறு பித்தநாளச் செல்கள் பெருகுவதையும், அவற்றைச் சுற்றி அழற்சிச் செல்களும் நாரும் சேருவதையும் அவர் கவனித்தார். 1957-இல் அவரும் கூட்டாளிகளும் அதை டக்டுலர் செல் ரியாக்‌ஷன் என்று எழுதினார்கள். அண்ணனின் தாளில் இருந்த வார்த்தை அங்கே பிறந்ததுதான்.

ஆனால் அப்போது குடிக்காதவனின் கொழுப்பு ஈரல் என்ற நோய்க்கே பெயர் கிடையாது. அந்தப் பெயர் 1980-இல் வந்தது. மேயோ கிளினிக்கின் யூர்கன் லுட்விக், குடிப்பழக்கம் இல்லாத 20 நோயாளிகளின் ஈரல்களை வைத்து எழுதினார். நுண்ணோக்கியில் பார்த்தால் பெருங்குடிகாரனின் ஈரலேதான், ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் இல்லை. பெரும்பாலோர் பருமனானவர்கள், பலருக்குச் சர்க்கரை. அதற்குமுன் இப்படிப்பட்டவர்கள் "நான் குடிக்க மாட்டேன்" என்று சொன்னால் டாக்டர்களே நம்ப மாட்டார்களாம். அமெரிக்காவில் படித்த டாக்டர்களே நம்பவில்லை என்றால், நம் திண்ணைப் பெரியவரை நான் எவ்வளவு கோபித்துக்கொள்ள முடியும்? கொஞ்சம் கோபித்துக்கொள்ளத்தான் செய்கிறேன். 1980-இல் தெரிந்த விஷயம் 2011-இல் ஊருக்கு வந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 541 பேரைப் பரிசோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். 32 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல். சர்க்கரை உள்ளவர்களில் மட்டும் பார்த்தால் 54.5 சதவீதம். நகரத்துக்காரர்கள் உட்கார்ந்தே இருப்பவர்கள், நாம் மலை ஏறி இறங்குபவர்கள் என்று நினைக்காதீர்கள். இலங்கையில் லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பரிசோதித்து 2011-இல் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து போனவர்களின் வாரிசுகள், உடலுழைப்பாளிகள், வருமானம் குறைவு. அங்கேயும் 18 சதவீதம். அதைப் படித்தபோது எனக்கு நம் எஸ்டேட் லயன் வீடுகள் கண்ணில் வந்தன.

அடுத்து அந்தப் பாலம். 2007-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரிச்சர்ட்சன், கிளவுஸ்டன், பவல் ஆகியோர் குழு கொழுப்பு ஈரல் அழற்சி உள்ளவர்களின் பயாப்ஸிகளை எடுத்து ஒரு வேலை செய்தது. பித்தநாளச் செல்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று அளந்தது. தழும்பு எவ்வளவு என்று பார்த்தது. இது கூடக் கூட அதுவும் கூடியது. இன்னொன்றும் கண்டார்கள். கொழுப்பேறிய ஈரல் செல்கள் பிளந்து பெருகும் சக்தியை இழந்து நின்றுவிட்டிருந்தன.

இதை இப்படிப் புரிந்துகொண்டேன். ஈரல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் உறுப்பு. வெட்டினாலும் வளரும். வயலில் பயிர் செத்தால் பக்கத்துப் பயிர் தூர்கட்டி இடத்தை நிரப்புவதுபோல, ஒரு செல் செத்தால் பக்கத்துச் செல் இரண்டாகி நிரப்பும். ஆண்டுக்கணக்கில் கொழுப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய செல்லுக்கு அந்தத் தெம்பு போய்விடுகிறது. அப்போது மடைவாயில் இருக்கும் செல்கள், "நாங்கள் வருகிறோம்" என்று கிளம்புகின்றன. ஹெரிங் சொன்ன அதே இடம். உதவிக்குத்தான் கிளம்புகின்றன. வந்த இடத்தில் ஒழுங்கான வாய்க்காலாகவும் ஆவதில்லை, எல்லாம் நல்ல ஈரல் செல்லாகவும் ஆவதில்லை. அரைகுறையாகக் கிளைத்து நின்று, ரசாயனச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தியைக் கேட்டு அழற்சிச் செல்கள் கூடுகின்றன. நார் நெய்யும் செல்கள் விழித்துக்கொண்டு தறியை ஓட்டுகின்றன. நிறுத்தச் சொல்ல ஆளில்லாத தறி.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும், என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நிச்சயம் வரும். இரண்டும் ஒன்றாகக் கூடினால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கக் கூடாதா? சரியான கேள்வி. பயாப்ஸி என்பது ஒரு நாள் எடுத்த போட்டோ. யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பது போட்டோவில் தெரியாது. அதற்குச் சோதனைச்சாலை வேண்டும்.

அந்தச் சோதனைகளில் எனக்கு நெருக்கமாகப் பட்டது 2014-இல் வந்தது. அமெரிக்காவின் ஒமாஹா நகரில், நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜஸ்டின் மாட் குழுவினர் செய்தது. அதன் முதல் ஆசிரியர் சதீஷ்குமார் நடராஜன். 2006-இல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து சிரோசிஸ் பற்றி வந்த ஆய்விலும் அவர் பெயர் இருக்கிறது. அதுவரை கொழுப்பு அமிலம் ஈரல் செல்லைத்தான் கெடுக்கும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பித்தநாளச் செல்களை எடுத்துப் பால்மிடிக், ஸ்டியரிக் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களில் வைத்தார்கள். அந்தச் செல்களும் செத்தன. நஞ்சு விழுந்து சாவதுபோல் அல்ல. செல்லுக்குள்ளேயே இருக்கும் தற்கொலை விசை அழுத்தப்பட்டதால் செத்தன. ஆக, பித்தநாளம் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அதே கொழுப்பால் அதுவும் அடிபடுகிறது.

பால்மிடிக் என்றதும் ரேஷன் பாமாயிலை எல்லோரும் திட்டக் கிளம்ப வேண்டாம். அதில் அது நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறித் தின்ற அரிசியிலிருந்தும் சீனியிலிருந்தும் ஈரலே பால்மிடிக் அமிலத்தைச் செய்துகொள்ளும். அண்ணன் எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டார். சோறு மூன்று வேளையும், எஸ்டேட் காபி நாலு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஜவ்வரிசிப் பாயசம் என்றால் உயிர். நம் சேலத்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தானே.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் செக்ரிடின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். உலகில் முதன்முதலில் அடையாளம் கண்ட ஹார்மோன் அது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடல் இதை ரத்தத்தில் விட்டு, "சாப்பாடு வந்தாச்சு, நீர் சுரங்கள்" என்று கணையத்துக்குச் சொல்லும். ஈரலில் இந்தச் செய்தியைக் கேட்கும் காது பித்தநாளச் செல்களுக்குத்தான் உண்டு. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜியான்ஃப்ராங்கோ அல்பீனி, ஹெதர் ஃப்ரான்சிஸ் குழுவினர் எலிகளுக்கு நெடுநாள் கொழுப்புத் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். செக்ரிடின் அல்லது அதன் காது இல்லாமல் பிறக்க வைத்த எலிகளில் பித்தநாளப் பெருக்கமும் தழும்பும் குறைவு. அதோடு ஈரலில் கொழுப்பே குறைவு. 2021-இல் வெளியான ஆய்வு இது. செய்தி எப்போதும் பாத்தியிலிருந்து வாய்க்காலுக்கு மட்டும் போவதில்லை, வாய்க்காலிலிருந்து பாத்திக்கும் வருகிறது என்று இதற்குப் பொருள். ஓயாமல் தூண்டப்பட்ட பித்தநாளச் செல்கள் சீக்கிரம் முதுமையடைகின்றன. முதுமையடைந்த செல் சாகாமல் நின்று அக்கம்பக்கத்தைக் கெடுக்கிறது. (வயதானவர்களைச் சொல்லவில்லை. செல்களைச் சொல்கிறேன்.)

எலி மனிதன் இல்லை. அந்த எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று மருந்துகள் இப்போதுதான் அனுமதி பெற்றிருக்கின்றன. 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம், 2025 ஆகஸ்டில் செமாகுளுடைட். இரண்டும் பித்தநாளச் செல்களைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எடை குறைப்பதன் பலன் மட்டும் மனிதர்களிடமே பார்க்கப்பட்டது. கியூபாவில் 293 நோயாளிகளை 52 வாரம் உணவுக் கட்டுப்பாட்டிலும் நடையிலும் வைத்து, முன்னும் பின்னும் பயாப்ஸி எடுத்தார்கள். 2015-இல் வந்தது. உடல் எடையில் பத்திலொரு பங்கு அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. அண்ணனுக்குத் தெரியவந்தபோது அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தார். எனக்கும் ஸ்கேனில் கிரேடு ஒன்று என்று வந்திருக்கிறது. காலையில் செக்போஸ்ட் வரை நடக்கிறேன், காபியில் சீனி இல்லை. காபி ஈரலுக்கு நல்லது என்று பல ஆய்வுகள் சொல்வதால் அதை மட்டும் விடவில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு முன் நம் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் வாழ்க.

2023 ஜூனில் இந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பழைய பெயரில் "ஆல்கஹால் அல்லாத" என்று ஒரு சொல் இருந்தது. நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது எதற்குச் சாராயத்தை இழுக்க வேண்டும், அது அவமானமாக இருக்கிறது என்றும், உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறுதான் வேர், அதையே பெயராக வைப்போம் என்றும் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து முடிவெடுத்தன. அண்ணன் போய்ப் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

இவ்வளவையும் படித்த பிறகு ஃபைலை எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்கப் போனேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. அந்த வரியைப் படித்து, மடைவாய்க் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அவரு குடிக்கலைன்னு அதுல எழுதியிருக்கா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. நுண்ணோக்கியில் இரண்டு ஈரலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று லுட்விக்கே சொல்லியிருக்கிறார். குடிகாரனின் ஈரலிலும் பித்தநாளச் செல் பெருகும். "அப்படி எழுதலை அண்ணி. குடிக்காதவங்களுக்கும் இதே மாதிரி வரும்னுதான் இருக்கு. அவர் குடிக்கலைங்கிறது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சது" என்றேன்.

"அதை எழுது" என்றார். எழுதிவிட்டேன். அந்தத் திண்ணையில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் ஆறேழு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பொங்கலுக்குக் குப்பனூர் வரும்போது அண்ணியிடம் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.